இங்கிலாந்துக்குப் புதிதா? முதலில் ‘கெட்’டைப் பிடியுங்கள்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களையும் இங்கே திணறடிப்பது ஜி, இ, டி என்ற மூன்றே எழுத்துச் சொல்தான். பள்ளியில் ‘கெட்’ என்றால் பெறு என்று படித்தோம். அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே அரை நாள் ஓட்ட முடியாது.

அர்த்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். காய்ச்சல் அடிக்கிறது, பெல் அடிக்கிறது, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள். இதில் எங்கேயும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. நமக்குக் குழப்பமும் இல்லை. ‘கெட்’டும் அதே ஜாதி. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பிடித்தால் போதும்.

நம்மவர்கள் அதிகம் தடுக்குவது முடிவெட்டும் கதையில். தமிழில் “நான் முடி வெட்டிக்கொண்டேன்” என்றால் சலூனுக்குப் போனதாகத்தான் அர்த்தம். “ஐ கட் மை ஹேர்” என்றால் இங்கே நீங்களே கத்திரியை எடுத்ததாக நினைப்பார்கள். “ஐ காட் மை ஹேர் கட்” என்று சொல்லுங்கள். காரை சர்வீஸ் விட்டாலும், பாய்லரைப் பழுது பார்த்தாலும் இதே அச்சுதான்: கெட், பொருள், அப்புறம் வேலை.

ஆளைச் சொல்லும்போது நடுவில் ‘டு’ வரும். ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் “வீ வில் கெட் தி டாக்டர் டு கால் யூ” என்றால், டாக்டரை உங்களுக்குப் போன் செய்யச் சொல்கிறோம் என்று பொருள். அங்கேயே காத்திருக்க வேண்டாம். ஆனால் போனை சைலன்ட்டில் போடாதீர்கள். பல நேரம் நம்பர் காட்டாமல்தான் அழைப்பு வரும். காலை எட்டு மணிக்கு அதே கிளினிக்குக்கு லைன் கிடைப்பதற்குப் பெயர் ‘கெட் த்ரூ’. அது கிடைப்பது தனிக் கலை.

ஆபீசில் “ஐ வில் கெட் பேக் டு யூ” என்றால் பிறகு பதில் சொல்கிறேன் என்பது மட்டும்தான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். போனில் “ஐ வில் லெட் யூ கெட் ஆன்” என்பது இன்னும் நாசூக்கு. உங்கள் வேலையைப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்வதுபோல் இருக்கும். உண்மையில் பேச்சை முடிக்கலாம் என்கிறார்கள். “சரி, பை” சொல்லி வைத்துவிடுங்கள். இந்த ‘கெட் ஆன்’ பொல்லாதது. பஸ்ஸில் ஏறுவதும் அதுதான், இரண்டு பேருக்கு ஒத்துப்போவதும் அதுதான். “ஹீ இஸ் கெட்டிங் ஆன் எ பிட்” என்றால் பாவம், மனிதருக்கு வயசாகிறது.

பப்பில் யாராவது “ஐ வில் கெட் தீஸ்” என்றால் காசு அவர் கொடுக்கிறார். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் குடிப்பது ஆரஞ்சு ஜூஸாக இருந்தாலும். அடுத்த ரவுண்டு உங்களுடையது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். வீட்டில் காலிங் பெல் அடிக்கும்போது “ஐ வில் கெட் இட்” என்றால் நான் போய்த் திறக்கிறேன் என்று அர்த்தம். போன் அடித்தாலும் அப்படியே.

பேச்சு புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். “சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்” என்று கேட்கலாம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. கடையில் ஆர்டர் சொல்லும்போது “கேன் ஐ கெட்” என்பது இளசுகளிடம் சகஜம். வயதானவர்கள் சிலருக்கு அது அமெரிக்க வழக்காகப் பட்டு எரிச்சல் வரும். “கேன் ஐ ஹேவ்” பாதுகாப்பானது.

அமெரிக்காவிலிருந்து இங்கே மாறி வந்தவர்களுக்கு ஒன்று: அங்கே சொன்ன ‘காட்டன்’ (பருத்தி அல்ல, ‘ஹேவ்’, ‘ஹேட்’டுக்குப் பின்னால் வரும் ‘கெட்’டின் வடிவம்) இங்கே பொதுவாக ‘காட்’தான். காட்டன் என்றாலும் புரியும். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.