238,000 கிலோமீட்டர் ஓடிய இன்னோவா: வாங்கலாமா, வேண்டாமா?

(இணையக் குழு உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

செம்மண் சாலை

வணக்கம். மலேசியா, பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். டவுனிலிருந்து உள்ளே செம்பனைத் தோட்டத்து வழியில் 8 கிலோமீட்டர் போனால் எங்கள் வீடு. அதில் கடைசி 3 கிலோமீட்டர் செம்மண். வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். இப்போது இருப்பது ஒரு பழைய கஞ்சில், குட்டிக் கார். அம்மாவை ஏற்றினால் பிள்ளைகள் வீட்டில், பிள்ளைகளை ஏற்றினால் அம்மா வீட்டில்.

டவுனில் ஒருவர் 2009 டொயோட்டா இன்னோவா விற்கிறார். 2.0, ஆட்டோ கியர். மீட்டர் 238,000 காட்டுகிறது. முதலிலிருந்தே அவர் ஒருவர்தான் உரிமையாளர், வண்டியின் உரிமைப் பத்திரமான கெரானிலும் அவர் பெயர்தான். 28,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார், 26,500க்கு இறங்குவார் போலிருக்கிறது. சேமிப்பு, ஓய்வுக்காலச் சேமநிதியான இபிஎஃப் மூன்றாம் கணக்கில் எடுத்தது எல்லாம் சேர்த்து என் கையில் 30,000. இவ்வளவு ஓடிய வண்டியை வாங்கலாமா?

பழைய ஃபோர்மென்

தம்பி, மீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த இன்ஜினில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருந்தால் 238,000 அதற்குப் பெரிய வயசில்லை. அடியில் லாரி மாதிரி தனி இரும்புச் சட்டகம், பின் சக்கரம்தான் இழுக்கும். உங்கள் செம்மண் ரோட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் போகிற விதத்தில் போங்கள். காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். சூடான இன்ஜின் எந்த நோயையும் மறைக்கும். ஆறிய இன்ஜினில்தான் முதல் இரண்டு மூன்று விநாடி செயின் கடகடக்கிறதா, பின்னால் நீலப் புகை வருகிறதா என்பது தெரியும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். துருத்தண்ணீர் என்றால் இத்தனை வருசம் பைப்புத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) நுரை மாதிரி ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது, அனேகமாக இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். விலையே பேசாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

ஃபோர்மென் அண்ணன் சொல்வதெல்லாம் வண்டியைப் பற்றி. நான் பணத்தைப் பற்றிக் கேட்கிறேன். 30,000 வைத்துக்கொண்டு 26,500க்கு வாங்கினால் மிச்சம் 3,500. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் எல்லாம் போனபிறகு கையில் என்ன நிற்கும்? இவ்வளவு பழைய வண்டியில் முதல் ஆறு மாதத்தில் நாலு அப்சார்பர், பேட்டரி, பின்பக்க ஏர்கான் என்று ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும். அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள், வண்டி வொர்க்‌ஷாப்பில். அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

பெரோடுவா அல்சா பாருங்கள், அதுவும் ஏழு சீட்டுதான். 1.5 இன்ஜின், அதிலும் செயின்தான். இதைவிட நாலைந்து வருசம் புதுசாகக் கிடைக்கும், 5,000 வெள்ளி கையிலும் நிற்கும். பெட்ரோலும் மிச்சம்.

பழைய ஃபோர்மென்

எவ்வளவு மிச்சம்? உங்கள் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை

போடுகிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். போக வர 60, வாரம் மூன்று முறை, வருசத்துக்கு 9,360 கிலோமீட்டர். இன்னோவா லிட்டருக்கு 10 கொடுக்கும் என்றால் 936 லிட்டர். அல்சா 13 என்று வைத்தால் 720. வித்தியாசம் 216 லிட்டர். அரசு மானிய பெட்ரோலான புடி95இன் 2025 விலை 1.99 வெள்ளிப்படி சுமார் 430 வெள்ளி.

சரி, வருசத்துக்கு 430 என்பது நான் நினைத்ததைவிடக் குறைவுதான். பெட்ரோல் வாதத்தை விட்டுவிடுகிறேன். மற்றதை விடவில்லை.

ஸ்டாரெக்ஸ் ரசிகன்

ஏன் எல்லாரும் பெட்ரோலிலேயே நிற்கிறீர்கள்? டீசல் ஸ்டாரெக்ஸ் எடுங்கள், ஹூண்டாய் வேன். 11 பேர் போகலாம். மச்சான் குடும்பத்தோடு பத்துமலைக்கே ஒரே வண்டியில் போய்விட்டு வரலாம்.

ஈப்போக்காரன்

நண்பரே, 2024 ஜூன் 10ஆம் தேதி எங்கே இருந்தீர்கள்? தீபகற்பத்தில் 2.15 வெள்ளி விற்ற டீசல் ஒரே இரவில் 3.35 ஆன நாள் அது. வீட்டில் இருப்பது ஆறு பேர். மச்சான் குடும்பம் சொந்தக் காரில் வரட்டும்.

தோட்டத்துப் பையன்

ஒரு யோசனை. ஏழு சீட்டு வாங்கினால், டயாலிசிஸ் இல்லாத நாளில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிவிட்டு மாதக் காசு வாங்கலாமே? வண்டிச் செலவு அதிலேயே கழிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை

கூடவே கூடாது. காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது பள்ளி வேன். பொதுப் போக்குவரத்து ஆணையமான அபாட்டின் பெர்மிட் வேண்டும், ஓட்டுபவருக்குப் பயணிகளை ஏற்றும் பிஎஸ்வி லைசென்ஸ் வேண்டும். சொந்த வண்டி இன்சூரன்சில் கூலிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய் எங்காவது மோதினால் இன்சூரன்ஸ்காரன் கைவிரிப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாய்க்கு யார் பதில் சொல்வது?

செம்மண் சாலை

அந்த எண்ணம் எனக்கு இல்லை. கியர்பாக்ஸ் பற்றித்தான் பயம். ஆட்டோ கியர் எண்ணெயை எப்போது மாற்றினார் என்று கேட்டேன். "அதெல்லாம் மாற்றத் தேவையில்லை தம்பி, நல்லாத்தானே ஓடுது" என்றார். வாங்கியதும் அதை மாற்றலாமா? மாற்றினால் கியர் போய்விடும் என்று ஒருவர், மாற்றாவிட்டால் போய்விடும் என்று இன்னொருவர்.

கணக்குப்பிள்ளை

இதில் சூடு பட்டவன் நான். முன்பு ஒரு பழைய ஆட்டோ வண்டி வைத்திருந்தேன். 190,000இல் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெஷின் வைத்து கியர் எண்ணெயை முழுசாகக் கழுவி எடுத்தார்கள். இரண்டே வாரம். மேட்டில் மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கியர்பாக்ஸ் மாற்றினேன். அதனால்தான் சொல்கிறேன், எண்ணெயே மாற்றாத ஆட்டோவை வாங்காதீர்கள்.

பழைய ஃபோர்மென்

அந்த கியர் செத்துக்கொண்டிருந்த கியர் அண்ணே. கழுவினது கடைசி மூச்சை நிறுத்தியது, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டு தேயத் தேய அந்தத் தூள் பழைய எண்ணெயில் மிதக்கும். தேய்ந்த தட்டு அந்தத் தூளோடுதான் பிடித்துக்கொண்டிருக்கும் என்பார்கள். மெஷின் வைத்து அழுத்திக் கழுவினால் தூளும் போகும், மூலையில் படிந்த கசடு வால்வுக்குள் போய் அடைக்கும்.

அதனால் நான் கழுவுவதில்லை. அடியில் நட்டைக் கழற்றி வடிகிறதை வடியவிட்டு, வடிந்த அளவுக்குப் புதுசு ஊற்றுவேன். மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் மாறும். 5,000 கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை. கியர் பதறாது.

தம்பி, வாங்குவதற்கு முன் கியர் எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடையுங்கள். சிவப்பு அல்லது பழுப்பு என்றால் பேசலாம். கறுத்துப்போய், சட்டி அடிப்பிடித்த வாடை வந்தால் அந்த வண்டி வேண்டாம். இவ்வளவுதான் இதில் உள்ள சூத்திரம்.

கணக்குப்பிள்ளை

செத்துக்கொண்டிருந்ததா, அந்த மெஷின் கொன்றதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செலவு மட்டும் என்னுடையது.

ஈப்போக்காரன்

வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பாஸ் ஆனால் போதும்தானே? பெயர் மாற்ற எப்படியும் அங்கே பி5 என்ற சோதனைக்குப் போகணும்.

பழைய ஃபோர்மென்

அங்கே பார்ப்பது இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், பிரேக், விளக்கு. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை.

அல்சாக்காரர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அது முன் சக்கரம் இழுக்கும் வண்டி. சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் முனையில் பூட் என்ற ரப்பர் உறை இருக்கும். செம்மண் ரோட்டில் கல் பட்டுக் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும். அப்புறம் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். இன்னோவாவில் முன்னால் அந்தத் தொல்லையே இல்லை. அல்சாவில் கடைசி வரிசை பெயருக்குத்தான் சீட்டு, அதையும் சொல்லிவிடுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்

நான் வண்டி தெரிந்தவள் இல்லை. டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள், ஒருவர்கூட ஒன்று கேட்கவில்லை: தம்பி, அம்மாவை அந்த வண்டியில் ஏற்றிப் பார்த்தீர்களா?

நாலு மணி நேரம் கழித்து எழுந்து வரும்போது பலருக்கு பிரஷர் இறங்கியிருக்கும், கால் பலமாக நிற்காது. அப்போது உயரமான வண்டியில் ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறுவது சிரமம். அம்மாவுக்கு ஊசி போடும் கை எது? பெரும்பாலும் இடது கையில்தான் ஃபிஸ்டுலா, அதாவது ஊசி போட ரத்தக் குழாய்களை இணைத்த இடம், செய்திருப்பார்கள். அந்தக் கையால் பாரம் இழுக்கக்கூடாது. நம் ஊர் வண்டியில் அம்மா இடது பக்கக் கதவில் ஏறுவார். கதவுக்கு முன்னால் நின்று பாருங்கள், பிடிக்கிற கைப்பிடி அவருடைய இடது கைக்குத்தான் வரும்.

பழைய ஃபோர்மென்

முப்பது வருசம் வண்டி பார்த்தவன் நான். இது தோன்றவே இல்லை தங்கச்சி.

கணக்குப்பிள்ளை

எனக்கும்தான். தம்பி, கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு எங்கள் சண்டையைத் தொடரலாம்.

செம்மண் சாலை

நேற்று அம்மாவைக் கூட்டிப்போனேன். இடது கைதான், நர்ஸ் அக்கா சொன்னது சரி.

முதலில் இன்னோவா. காலை 8 மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் போனபோது பானெட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. "இப்பத்தான் பசாருக்குப் போய்ட்டு வந்தேன்" என்றார். சரி, அதை விடுங்கள். அம்மா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். பழக்கத்தில் இடது கை கைப்பிடிக்குப் போனது. பாதியில் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்வதுபோல் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். வலது கையால் என் தோளைப் பிடித்தார். ஏறவில்லை. "லாரி மாதிரி இருக்குடா" என்று மட்டும் சொன்னார். விற்பவர் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவரட்டுமா என்று கேட்டார், பாவம்.

பிறகு ஈப்போவில் ஒரு அல்சா. 2013, மீட்டர் 151,000, கேட்பது 21,500. அம்மா திரும்பி நின்று முதலில் சீட்டில் உட்கார்ந்தார், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து வைத்தார். கையே தேவைப்படவில்லை. உள்ளே உட்கார்ந்து ஏர்கானை எங்கே திருப்புவது என்று கேட்டார். பிள்ளைகள் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். சின்னவனுக்குச் சரி, பெரியவனுக்கு முட்டி இடிக்கிறது.

இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. ஒரே யோசனை, அது 'பி' நம்பர் பிளேட், சிலாங்கூர் வண்டி.

ஈப்போக்காரன்

2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரின் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா முங்கியபோது அங்கே எத்தனை வண்டி தண்ணீரில் நின்றது என்று எல்லாரும் பார்த்தோம். சிலாங்கூர் வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரிகிற பாதியைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கிற பாதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புத் தடத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

21,500 என்றால் கையில் 8,500. அதில் 4,000ஐ ஒதுக்கி வண்டிக்கு என்றே வையுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள். கஞ்சிலின் என்சிடியை, அதாவது கிளெய்ம் செய்யாததற்கு இன்சூரன்சில் கிடைக்கும் தள்ளுபடியை, புது வண்டிக்கு மாற்ற மறக்காதீர்கள். 55 விழுக்காடு வரை வந்திருந்தால் அது சின்னப் பணம் இல்லை.

வாதத்தில் ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன். நான் அல்சா சொன்னது பணத்துக்காக, அம்மா ஏறுவதை யோசித்து இல்லை.

பழைய ஃபோர்மென்

நான் இன்னமும் இன்னோவா கட்சிதான். ஆனால் ஏற முடியாத வண்டியை வைத்து என்ன செய்வது.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நான் ஈப்போவில் இருப்பேன். கூட வருகிறேன், பூட் கிழிந்திருக்கிறதா, கியர் எண்ணெய் என்ன நிறம் என்று பார்த்துவிடலாம். காலை 7 மணி. வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று மட்டும் முதல் நாளே சொல்லிவையுங்கள்.