கலைச்சொல் விவாதம்: 'ரேடிகண்ட்' உள்ளெண்ணா, உட்கோவையா, உள்ளுறையா?

தொண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாலை வகுப்புகளுக்கான கலைச்சொல் பட்டியலில் ஒரு சொல் உறுத்துகிறது. மூலக்குறிக்குள் நிற்பதை, அதாவது ரேடிகண்டை, 'மூல அடிமானம்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். பின்ன அடுக்குக்கு வந்ததும் அந்தச் சொல் காலை வாருகிறது.

³√(க²) என்பதைப் பின்ன அடுக்காக எழுதினால் க^(2/3). (எக்ஸுக்குப் பதில் 'க' போட்டிருக்கிறேன். அடுக்கை மேலே ஏற்ற வசதியில்லாத இடங்களில் ^ குறி.) மாற்றுவதற்கு முன் மூலத்துக்குள் இருந்தது க². மாற்றிய பின் அடிமானம் க மட்டும். இரண்டுக்கும் 'அடிமானம்' என்று பெயர் வைத்தால், பிள்ளைகள் க²-ஐ அப்படியே அடிமானமாகத் தூக்கி வைத்து, பக்கத்திலேயே 2-ஐத் தொகுதியிலும் போட்டு (க²)^(2/3) என்று எழுதுகிறார்கள். அது க^(4/3) ஆகிவிடும். க = 8 என்று வைத்துப் பாருங்கள்: சரியான விடை 4, இவர்களுக்கு வருவது 16. ஒரே 2 இரண்டு தடவை கணக்கில் ஏறிவிட்டது.

ஆகவே 'அடிமானம்' என்ற சொல் அடுக்குக்கு மட்டும் இருக்கட்டும். மூலத்துக்குள் இருப்பதற்கு 'உள்ளெண்' என்று வைக்கலாமா?

கீழக்கரையிலிருந்து:

காக்கா, நோய் நீங்கள் சொன்னதுதான். மருந்துதான் பத்தாது. √50-க்கு உள்ளெண் 50, சரி. ³√(54க⁷)-க்கு? 54க⁷ எண் இல்லையே.

இந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 54 = 27 × 2. 27-இன் கனமூலம் 3, வெளியே வந்துவிடும். 2 உள்ளே தங்கும். க⁷-க்கு அடுக்கு 7/3, அதாவது 2 + 1/3. முழு எண் 2 வெளியே போகும் (க²), மிச்சமான 1/3 உள்ளே தங்கும் (³√க). விடை 3க² ³√(2க). கலப்புப் பின்னமாகப் பிரித்தால் வெளியே எது, உள்ளே எது என்று ஊகிக்கவே வேண்டாம். க, க, க என்று மூன்று மூன்றாகக் கட்டிப் பார்க்கும் முறையும் சரிதான், ஆனால் க²³ வந்தால் கை வலிக்கும்.

உள்ளே இருப்பது கோவை. ஆகவே 'உட்கோவை'. தனி எண்ணும் எண்கோவைதான், அதற்கும் பொருந்தும். அப்புறம் √ குறியின் தலையில் பந்தல் மாதிரி நீளும் மேல்கோடு. கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் 1525-இல் √ குறியை அச்சில் கொண்டுவந்தபோது மேல்கோடு கிடையாது. 1637-இல் டேகார்ட் கோட்டையும் சேர்த்தார். பந்தல் எதுவரை நீளுகிறதோ அதுவரைதான் உட்கோவை. தட்டச்சில் பந்தல் போட முடியாததால் அடைப்புக்குறி. √9 + 16 என்றால் 19, √(9 + 16) என்றால் 5. இதை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

ராமநாதபுரத்திலிருந்து:

தம்பி சொன்ன அடைப்புக்குறியை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். கண்மாய் வரத்துக்காலில் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும் என்று பார்க்க மேனிங் சூத்திரம் போடுகிறோம். வேகம் = (1/சொரசொரப்பு எண்) × நீரியல் ஆரம்^(2/3) × சரிவு^(1/2). அதில் மூலக்குறி இருக்காது, பின்ன அடுக்குதான். மண் வாய்க்காலுக்குச் சொரசொரப்பு எண் 0.025, நீரியல் ஆரம் (வெட்டுப்பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்தது) 0.5 மீட்டர், சரிவு 2,500-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். 0.5^(2/3) = 0.63. சரிவின் வர்க்கமூலம் 0.02. பெருக்கி 0.025-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.5 மீட்டர்.

கால்குலேட்டரில் அடைப்பு இல்லாமல் 0.5^2/3 என்று அடித்தால் அது முதலில் 0.25 போட்டு, பிறகு 3-ஆல் வகுக்கும்: 0.083. வேகம் வினாடிக்கு ஏழு சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அப்படி ஊர்ந்தால் வண்டல் படிந்தே கால் தூர்ந்துபோகும் என்று பார்த்தவுடன் சந்தேகம் வர வேண்டும். பல பேருக்கு வருவதில்லை.

பின்னத்தைப் படிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. பகுதி பகுக்கும், அதனால் அது மூலம். தொகுதி தொகுக்கும், அதனால் அது பெருக்கல். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது.

சொல்லைப் பற்றி ஒரு ஆட்சேபம். உள்ளே இருப்பதும் அடிமானமும் எப்போதும் வேறல்ல. √(க² + 9)-ஐ மாற்றினால் (க² + 9)^(1/2). இங்கே உள்ளே இருந்த முழுதுமே அடிமானம். கூட்டலுக்குள் அடுக்கு நுழையாது; க + 3 என்று எழுதினால் க = 4-க்கு 5 வர வேண்டிய இடத்தில் 7 வரும். பட்டியலில் விளக்கம் எழுதும்போது 'சில வேளை ஒன்றே' என்பதையும் சேர்க்க வேண்டும்.

மண்டபத்திலிருந்து:

'உட்கோவை' ஒற்றை மூலத்துக்குச் சரி. மூலத்துக்குள் மூலம் வந்தால்? √(க√(க√க)). கோவைக்குள் கோவையாக இருக்கும் எதையும் 'உட்கோவை' என்று சொல்லத் தோன்றுமே. நிரல் எழுதுபவர்கள் அந்தப் பொருளில்தான் படிப்பார்கள். எந்த மூலத்தின் உள்ளே என்பது சொல்லில் இல்லை.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன், அழகான கணக்கு. உள்ளிருந்து தொடங்க வேண்டும். √க என்றால் க-வுக்கு அடுக்கு அரை. அதை க-வால் பெருக்க ஒன்றரை. மூலம் எடுத்தால் பாதி, முக்கால். மறுபடி க-வால் பெருக்க ஒன்றே முக்கால். பாதி முக்காலே அரைக்கால். ஆக க^(7/8). க = 256 போட்டுச் சரிபார்க்கலாம்: 16, 64, 128. 128 என்பது 2⁷, 256 என்பது 2⁸. பொருந்துகிறது. இன்னொரு மூலம் சேர்த்தால் முக்காலே மூணு வீசம் (வீசம் 1/16), அதாவது 15/16! பேச்சில் 'கிட்டத்தட்ட எல்லாம்' என்ற பொருளில் சொல்கிறோமே, அதேதான். மூலங்களை அடுக்கிக்கொண்டே போனால் அடுக்கு ஒன்றை நெருங்கும், தொடாது.

அதனால் வகுப்பில் 'அரையடுக்கு', 'காலடுக்கு', 'முக்காலடுக்கு' என்று வாய்விட்டுச் சொல்லலாம் என்பேன். 'அரைப்படி' மட்டும் வேண்டாம். அரிசி அளக்கிற படி ஒருபக்கம் இருக்க, பல்லுறுப்புக் கோவையின் படி என்று ஏற்கனவே ஒன்று இருக்கிறது. அது முழு எண்ணாகத்தான் இருக்கும். அக்கரையில், இலங்கையில், அடுக்கைச் 'சுட்டி' என்கிறார்கள், 'அரைச்சுட்டி' காதுக்கு ஒட்டவில்லை.

ரேடிகண்டுக்கு என் பரிந்துரை 'உள்ளுறை'. உள்ளே உறைவது. எண்ணாகவும் இருக்கலாம், கோவையாகவும் இருக்கலாம். மூன்று மூலம் இருந்தால் முதல் மூலத்தின் உள்ளுறை, இரண்டாம் மூலத்தின் உள்ளுறை என்று தயங்காமல் சொல்லலாம்.

கீழக்கரையிலிருந்து:

உள்ளுறை உவமம் என்று தமிழ் ஐயா வகுப்பில் வருமே, குழம்பாதா?

மண்டபத்திலிருந்து:

இயற்கணிதத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இல்லை, அதுதான் முக்கியம். 'மூலம்' என்பதற்கே நட்சத்திரமும் உண்டு, வியாதியும் உண்டு. கணக்கு வகுப்பில் யாரும் குழம்பவில்லை.

தொண்டியிலிருந்து:

'உள்ளெண்'ணைத் திரும்பப் பெறுகிறேன். 'உள்ளுறை'யை ஒரு கணக்கில் தேய்த்துப் பார்த்தேன். √2 × ³√3. அடுக்கு 1/2, 1/3. பொதுப் பகுதி 6. 2^(3/6) × 3^(2/6), அதாவது ⁶√8 × ⁶√9 = ⁶√72. இதில் உள்ளுறை 2-இலிருந்து 8 ஆயிற்று, 3-இலிருந்து 9 ஆயிற்று. அடிமானங்கள் 2, 3 அப்படியே நின்றன. 'உள்ளுறை மாறியது, அடிமானம் மாறவில்லை' என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறது. பழைய சொல்லை வைத்துக்கொண்டு இந்த வரியை எழுதவே முடியாது.

ஒரு எச்சரிக்கை, பட்டியலில் அடிக்குறிப்பாக வர வேண்டும். உள்ளுறை குறை எண்ணானால் பின்ன அடுக்கை இஷ்டத்துக்கு விரிக்கக் கூடாது. (−8)^(1/3) = −2. 1/3-ஐ 2/6 ஆக்கி, முதலில் வர்க்கமெடுத்து 64, பிறகு ஆறாம் மூலம் எடுத்தால் +2. குறி தொலைந்துவிட்டது. சுருக்கும்போதும் அப்படியே: ⁶√(க²) என்பது ³√க அல்ல, ³√|க|. √(க²) = |க|. 'க மிகை எண்' என்று கணக்கிலேயே கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கொடுக்காத இடத்தில் மட்டுக்குறி (| |) கட்டாயம்.

ராமநாதபுரத்திலிருந்து:

உள்ளுறைக்கு என் ஒப்புதல். மண்டபத்து ஐயாவிடம் ஒரு கேள்வி: அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் வர்க்கமூலத்துக்குக் கிடைத்துவிட்டன. கனமூலத்துக்கு என்ன சொல்வது?

மண்டபத்திலிருந்து:

பழைய பின்ன வாய்ப்பாட்டில் முந்திரி என்பது 1/320. 320-ஐ 3-ஆல் வகுக்க முடியாது. பாதிபாதியாகவும் ஐந்தாகவும் பிரித்து வந்த அந்த வாய்ப்பாட்டில் மூன்றில் ஒன்றுக்குத் தனிப்பெயர் விழவில்லை. 'மூன்றிலொன்று அடுக்கு' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும் அம்மா. புதுப்பெயர் ஒன்றை நாம் கட்ட வேண்டாம். பட்டியலில் 14-ஆம் வரியில் 'மூல அடிமானம்' என்பதை அடித்து 'உள்ளுறை' என்று திருத்திவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.