நார்த் டகோட்டா பழைய பச்சை ஜெர்சி: அந்த முகம் யாரோடது?

பச்சைமலை: பக்கத்துத் திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார், "கல்லூரி ஐஸ் ஹாக்கியில சொந்த வடிவமைப்புன்னா அமெரிக்காவுல இருக்கிற நார்த் டகோட்டா பல்கலைக்கழக டீமோட 1987 பச்சை ஜெர்சிதான். த்ரோபேக், அதாவது பழைய சட்டையைத் திரும்பப் போடுறதுன்னா, அதைத்தான் போடணும்"னு. சொந்தமா? நெஞ்சுல இருக்கிறது தொழில்முறை ஹாக்கி டீம் சிகாகோ பிளாக்ஹாக்ஸோட லோகோவுல வர்ற பழங்குடி முகம் சார்! அறுபதுகளின் கடைசியில எடுத்து ஒட்டினது, தொண்ணூறுகள் வரைக்கும் ஓட்டிட்டாங்க.

ஹர்காக்_ரசிகன்: அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாமே, பயமா? டோனி ஹர்காக் 1986-87 சீசன்ல, கோலும் கோலுக்கு உதவினதும் சேர்த்து, 116 புள்ளி எடுத்தது அந்தச் சட்டையில. சிகாகோக்காரனா வந்து கோல் போட்டான்?

பச்சைமலை: நான் கேட்டது முகம், நீங்க சொல்றது புள்ளி. அதே டீம் கோல்கீப்பர் எட் பெல்ஃபோர் பின்னாடி எங்க போனார்? சிகாகோ. பச்சை போய் சிவப்பு வந்துச்சு, நெஞ்சுல அதே முகம். மனுஷனுக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது.

ஓரக்கோடு: முகம் யாரோடதா வேணா இருக்கட்டும். தைச்சதா, அச்சா? நான் வாங்கின நகல்ல ரெண்டாவது துவையல்லயே மூக்கு உரிஞ்சு வந்துடுச்சு.

பனிமூட்டம்: எதுக்குங்க இந்தச் சண்டை? அந்த முகத்தை இனி போடவே முடியாது. 2005-ல கல்லூரி விளையாட்டு அமைப்பு என்சிஏஏ பழங்குடிப் பேர், சின்னங்களுக்கு எதிரா போட்ட விதி, 2007-ல சமரசம். ஸ்பிரிட் லேக், ஸ்டாண்டிங் ராக் ரெண்டு பழங்குடியும் சம்மதிக்கணும்னு நிபந்தனை. ஸ்பிரிட் லேக் ஓட்டெடுத்து சரின்னாங்க, ஸ்டாண்டிங் ராக் சம்மதிக்கல. 2012 ஜூன்ல மாநிலமே ஓட்டுப்போட்டு சூ பழங்குடியை வச்சு வந்த 'ஃபைட்டிங் சூ'ங்கிற டீம் பேரைக் கைவிட்டாச்சு.

ஹர்காக்_ரசிகன்: பாடம் எடுத்ததுக்கு நன்றி வாத்தியாரே. சரி, 1999-ல டீமுக்குப் புதுசா பென்னட் பிரையன் வரைஞ்ச முகம்? அவர் ஒஜிப்வே பழங்குடி ஓவியர். அதுவும் சிகாகோவா?

பச்சைமலை: அது 1999. நீங்க எழுதினது 1987. 87-ல சிகாகோ முகம். இன்னொரு தரம் வேணும்னாலும் சொல்றேன்: சிகாகோ முகம்.

பனிமூட்டம்: அந்த 1999 முகத்துக்குப் பின்னாடி பணமும் இருக்கு. டீமோட முன்னாள் கோல்கீப்பர் ரால்ஃப் எங்கல்ஸ்டாட் பத்து கோடி டாலருக்கு மேல கொட்டி அரங்கம் கட்டினார். 2000 டிசம்பர்ல, பேரை மாத்தினா வேலையைப் பாதியில நிறுத்திடுவேன்னு கடிதம். மறுநாளே மாநில உயர்கல்வி வாரியம் பேரை வச்சுக்கிட்டாங்க. உள்ள தரையில இருந்து நாற்காலி வரைக்கும் அந்த முகம்தான்.

ஓரக்கோடு: நாற்காலியில இருக்கிறதாவது உரியாம இருக்கா?

ஹர்காக்_ரசிகன்: பச்சைமலைக்கு விஷயம் முகம் இல்ல. போன தடவை மிச்சிகன் டீம் ஹெல்மெட்ல இருக்கிற இறக்கை பத்தின திரியில வாங்கிக் கட்டிக்கிட்டாரே, அந்தக் கடுப்பு.

பச்சைமலை: அங்க யாரு வாங்கிக் கட்டிக்கிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் பதிவை அழிச்சிட்டு ஓடினீங்க. ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போடவா?

குளிர்காலம்: பல்கலைக்கழகத்தோட அதிகாரபூர்வ நிறம் பச்சையும் இளஞ்சிவப்பும். பழசுதான் வேணும்னா இளஞ்சிவப்பு போடுங்களேன், எவன் போடுவான்னு பாப்போம்.

ஹர்காக்_ரசிகன்: வந்துட்டாரு.

பனிமூட்டம்: 2016-ல டாம்பால குவினிபியாக் டீமை 5-1னு சாத்தி எட்டாவது தேசியப் பட்டம் வாங்கினப்போ சூ முகமும் இல்ல, பருந்தும் இல்ல. டீமோட புது பருந்து லோகோ அதுக்கப்புறம்தான் வந்துச்சு. என்னைக் கேட்டா நாளைக்கு அந்த 2016 சட்டைதான் த்ரோபேக்.

பச்சைமலை: அதுல சிகாகோ முகம் இல்லாததால எனக்கு ஆட்சேபணை இல்ல.

ஹர்காக்_ரசிகன்: உங்க ஆட்சேபணையை யாரு கேட்டா?

பச்சைமலை: ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டிருக்கேன். நெத்தி, தாடை, இறகு, எல்லாத்தையும் பாருங்க. அப்புறம் "சொந்தம்"னு எழுதுங்க.

ஹர்காக்_ரசிகன்: படம் திறக்கல.

பச்சைமலை: உங்களுக்கு மட்டும் எப்பவுமே திறக்காது. மிச்சிகன் திரியிலயும் இதே கதைதான்.

ஓரக்கோடு: எனக்குத் திறந்துச்சு. ஆனா தைச்சதா அச்சான்னு அதுல தெரியல. யாராவது கிட்டத்துல எடுத்த படம் வச்சிருக்கீங்களா?