உங்களிடம் இருந்த மிக அரிய கார் எது? ஒரு கெஸல் விலைக்கு வருகிறது

கேள்வி: குரோம்பேட்டைவாசி

அனைவருக்கும் வணக்கம். சாலையில் எளிதில் காணக் கிடைக்காத கார்களை வாங்கிப் பராமரித்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன். உங்கள் கைவசம் இருந்தவற்றுள் மிக அரியது எது? அதை ஓடும் நிலையில் வைத்திருப்பதில் உண்மையான சிரமம் எங்கே இருந்தது?

கேட்பதற்குக் காரணம் உண்டு. உறவினர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நெடுங்காலமாக நிற்கும், ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கெஸல் கார் ஒன்று விலைக்கு வருகிறது. 1974-இல் பதிவான வண்டி. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, எஞ்சின் இறுகிப் போகவில்லை, கையால் சுற்றினால் சுழல்கிறது. வண்டலூருக்கு அருகே இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலேயே உருவான கார் என்பதால் உதிரிபாகங்களைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி எடுத்துவிடலாம் என்கிறார் விற்பவர். இந்த வாதத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில் 1: ஹெரால்டு ஓட்டுநர், திருச்சி

ஐயா, சென்னையில் உருவானது என்பதுதான் கெஸலின் சிக்கலே. அங்கு மட்டும் உருவான பாகங்களுக்கு உலகில் வேறு எங்கும் மாற்று இல்லை.

என்னிடம் இருப்பது நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. இங்கிலாந்தில் விற்ற டிரயம்ப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தாம். நான்கு கதவு வடிவத்தை 1968-இல் வெளியிட்டது நம் ஊர்த் தொழிற்சாலை. அந்த வகையில் அது அரிய கார்தான். ஆயினும் அந்த அருமை எனக்குத் தரும் தொல்லை பின் கதவுகளோடும் அவற்றைச் சுற்றியுள்ள தகட்டோடும் முடிந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான ஹெரால்டுகள் செய்யப்பட்டதால், அந்த நாட்டில் இன்றும் அவற்றுக்கான உதிரிபாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். சுங்க வரியும் கப்பல் கூலியும் கட்ட மனம் இருந்தால் பெரும்பாலானவற்றை வரவழைத்துவிடலாம்.

கெஸலுக்கு வருவோம். அதில் இருப்பது ஹெரால்டில் இருந்த அதே 948 சிசி எஞ்சின். ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் ஆகிய பழைய கார்களிலும் அதுவே இருந்தது. எனவே எஞ்சினைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல லேத் பட்டறையும் பொறுமையான மெக்கானிக்கும் போதும். ஹெரால்டின் தனிச்சிறப்பு வேறு இடத்தில் இருந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காரில் முன்பக்கம் முழுவதும், அதாவது பானெட்டும் மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். உடல் பகுதிகள் தனித்தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) மீது போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. 1972-இல் கெஸல் வந்தபோது அந்த முன்பக்கத்தைக் கைவிட்டு, எல்லாக் கார்களையும்போல் பின்புறம் கீல் வைத்த பானெட்டைப் பொருத்தினார்கள். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பு கொண்டவை. வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்ளே மடங்குகிறது என்ற குறை அதற்கு இங்கிலாந்திலேயே உண்டு. கெஸலில் அதை நீக்கிவிட்டு, முழுநீள அச்சை லீஃப் ஸ்பிரிங்கோடு (பட்டை வில்) பொருத்தினார்கள். நம் சாலைகளுக்கு அது நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஆனால் இன்றைக்கு உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள்: முன்பக்கத் தகடுகளுக்கும் கிரில்லுக்கும் பின் அச்சுக்கும் ஆங்கிலேயர்களின் ஹெரால்டு உதிரிபாகப் பட்டியல்கள் எந்த உதவியும் செய்யா.

ஆகவே எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். முதலில் பானெட்டும் மட்கார்டுகளும் அசலானவையா, கிரில்லும் விளக்கு வளையங்களும் பம்பர்களும் முழுமையாக இருக்கின்றனவா, கதவுக்குக் கீழுள்ள படியும் தரைத் தகடும் துருவுக்கு எவ்வளவு இரையாகியுள்ளன என்பதைப் பாருங்கள். நல்ல டிங்கர் தரைத் தகட்டைப் புதிதாக வெட்டி அடித்துக் கொடுத்துவிடுவார். கிரில்லை அப்படிச் செய்ய முடியாது.

பதில் 2: கோவை ஸ்டாண்டர்டு 2000

மேலே எழுதிய நண்பர் எஞ்சினுக்கு அஞ்ச வேண்டாம் என்கிறார். கெஸலுக்கு அது பொருந்தும். அதே தொழிற்சாலையின் கடைசிக் காரை வைத்திருக்கும் எனக்கு நேர்மாறான அனுபவம்.

ஸ்டாண்டர்டு 2000 என்பது வெளித்தோற்றத்தில் ரோவர் எஸ்டி1. இங்கிலாந்தில் 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு வந்து, 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்ற விருதைப் பெற்ற வடிவம் அது. அங்கே உற்பத்தி முடிகிற காலத்தில், 1985-இல், அதைச் சென்னையில் செய்யத் தொடங்கினார்கள். நம் சாலைகளுக்காகத் தரையிலிருந்து சற்று உயர்த்தினார்கள். எஞ்சின் மட்டும் ரோவருடையது அன்று. 1940-களில் ஸ்டாண்டர்டு வேன்கார்டுக்காக வடிவமைத்த நான்கு சிலிண்டர் எஞ்சினை 1991 சிசி அளவில் பொருத்தினார்கள். அதன் திறன் 83 குதிரைத்திறன். பந்தய வீரனின் உடலில் முதியவரின் நுரையீரலை வைத்ததுபோன்ற ஏற்பாடு. விலையோ சாமானியர் எட்ட முடியாதது. 1988-இல் உற்பத்தி நின்றது.

அந்த எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் டிரயம்ப் டிஆர்2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரிலும் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது. லைனர்களை, அதாவது சிலிண்டர்களின் உள்ளுறைகளை, கழற்றி மாற்றும் அமைப்பு என்பதால் பழுதுபார்க்க ஏற்றது. ஆனால் உள்ளூர்ப் பட்டறைகளில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் அநேகமாக ஓய்வு பெற்றுவிட்டார்கள். மாறாக, விளக்கு, பீடிங் (ஓரப் பட்டை), கதவுப் பிடி போன்றவை இங்கிலாந்தில் கிடைக்கின்றன, ஏனெனில் எஸ்டி1 அங்கே 3 லட்சத்துக்கும் மேல் உருவானது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொழிற்சாலை மூடிய பிறகு, பயன்படுத்தாமல் கிடந்த எஸ்டி1 பாகங்களை ஒரு பிரிட்டிஷ் உதிரிபாக நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கப்பலில் திருப்பி எடுத்துச் சென்றது. நான் பவுண்டு கொடுத்து வாங்கும் பொருள் ஒருவேளை அந்தத் தொழிற்சாலையின் பெருங்களத்தூர் கிடங்கில் தூசி படிந்து கிடந்ததாகவே இருக்கலாம்.

எனவே, உங்கள் காரில் எந்தப் பகுதி அரியது என்று தனித்தனியே கணக்கிடுங்கள். மொத்தமாக அரிய கார் என்று சொல்லி விலையை ஏற்றுபவரிடம் பேரம் பேச அதுவே கை கொடுக்கும்.

பதில் 3: டால்ஃபின் பிரியர், சென்னை

நான் வைத்திருந்தது பெங்களூரின் சிபானி டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை உரிமம் பெற்று 1980-களில் இங்கே செய்தார்கள். கிட்டனே தன் நாட்டில் 4,000-க்குச் சற்று அதிகமாகத்தான் செய்யப்பட்டது என்பதால் அங்கும் அது அரிய பொருள்தான். ஆயினும் அதன் 848 சிசி அலுமினிய எஞ்சின் ரிலையன்ட் ராபின் என்னும் மூன்று சக்கரக் காரிலும் இருந்ததால், அந்தக் காரின் ரசிகர்கள் வழியாகக் கேஸ்கெட், பேரிங் போன்றவற்றை வரவழைக்க முடிந்தது. எடை குறைவு, பின் சக்கர இயக்கம் என்ற இரண்டும் சேர்ந்ததால் சோழவரம் பந்தயங்களிலும் ராலிகளிலும் டால்ஃபினை விரும்பி ஓட்டினார்கள். குடும்பக் காராக அது வெல்லவில்லை. 1983 இறுதியில் மாருதி 800 வந்த பிறகு இரண்டு கதவு ஃபைபர் காரை யார் வாங்குவார்கள்?

உடல் முழுவதும் கண்ணாடியிழை. கார் டிங்கர் எவரும் அதைத் தொட விரும்பவில்லை. மட்கார்டில் விழுந்த விரிசலைக் கடைசியில் சரிசெய்து கொடுத்தவர் காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுபவர். அதே ரெசின் பசை, அதே கண்ணாடியிழை விரிப்பு, அதே தேய்ப்பு. கார் பட்டறையில் அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருப்பார்களா என்பது ஐயமே.

இப்படிப்பட்ட காரை வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கை. மேல் உடல் துருப்பிடிக்காது என்பதால் கார் புதிதுபோலப் பளபளக்கும். அடியில் இருக்கும் இரும்புச் சேசிஸ் அதற்குள் செல்லரித்திருக்கும். மேலே ஏற்றி வைத்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கெஸலுக்கும் தனிச் சேசிஸ் இருப்பதால் இதே சோதனை பொருந்தும்.

கேள்வி கேட்டவர்: குரோம்பேட்டைவாசி

மூவருக்கும் நன்றி. விற்பவர் எஞ்சினைக் காட்டியே பேசியதன் காரணம் இப்போது புரிகிறது. நேற்று மறுபடி சென்று பார்த்தேன். பானெட்டும் கிரில்லும் அசல். ஒரு பக்க மட்கார்டு மட்டும் எப்போதோ அடித்து நேராக்கப்பட்டிருக்கிறது. பின் பம்பர் இல்லை. தரைத் தகடு ஓட்டுநர் பக்கம் பொத்தலாக இருக்கிறது, சேசிஸ் திடமாகத் தெரிகிறது. பம்பரும் தரையும் போகக் கழித்துக்கொண்டு விலை சொல்லியிருக்கிறேன். இன்னொன்று: 50 ஆண்டு கடந்துவிட்டதால் விண்டேஜ் பதிவு எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில் 1: ஹெரால்டு ஓட்டுநர், திருச்சி

அவசரப்படாதீர்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனத்துக்கு ‘விஏ’ எழுத்துகளோடு கூடிய தனி எண் வரிசை உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லுபடியாகும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. அதைப் பெற்றுவிட்டால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் வரை ஓட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், சாதாரணப் பதிவையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பாக ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் எந்தப் பதிவும் நடக்காது. பெட்ரோல் குழாய்களையும் கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் வகையாகப் பார்த்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பின் பம்பருக்கு எனக்குத் தெரிந்த இரண்டு காயலான் கடைகளில் விசாரித்துச் சொல்கிறேன்.