ஏடிஎஸ்எல், விடிஎஸ்எல்: தமிழில் என்ன சொல்லலாம்?

> ஏடிஎஸ்எல் = சமச்சீரற்ற மின்னிலக்கச் சந்தாதாரர் இணைப்பு
> விடிஎஸ்எல் = மீயுயர்வேக மின்னிலக்கச் சந்தாதாரர் இணைப்பு

வணக்கம் ஐயா. தொலைபேசிச் செம்புக் கம்பி வழியே இணையம் தரும் டிஎஸ்எல் வகைகளுக்கு நீங்கள் மேலே தந்த பெயர்களில் பொருள் பிசகவில்லை, ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்கு வந்து "அண்ணே, எந்த லைன் போடலாம்?" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பசாருக்குப் போய்த் திரும்பிவிடுவார்.

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'சமச்சீரற்ற' என்றால் எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிவதில்லையே? 1999இல் வந்த ஏடிஎஸ்எல் தரத்தில் பதிவிறக்கம் நொடிக்கு 8 மெகாபிட் வரை, பதிவேற்றமோ 1 மெகாபிட்டை ஒட்டித்தான். அதற்குப் பின் வந்த ஏடிஎஸ்எல்2+ இறக்கத்தை 24 ஆக்கியது, ஏற்றம் அநேகமாக அப்படியே நின்றது. ஆகவே 'இறக்கமிகு தடம்' என்கிறேன். ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகத்தில் இருக்கிற எஸ்டிஎஸ்எல்லுக்கு 'சமவேகத் தடம்' போதும். அது கம்பி முழுவதையும் எடுத்துக்கொள்வதால் அதே கம்பியில் போன் பேச முடியாது, அலுவலகங்களுக்குத்தான் சரி.

விடிஎஸ்எல் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான சண்டை. 'மீயுயர்வேகம்' என்று பெயர் வைத்தால், நாளைக்கு இன்னும் வேகமாக ஒன்று வந்ததும் அந்தப் பெயரை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த வேகம் எப்படி வருகிறது என்று பாருங்கள்: ஏடிஎஸ்எல்2+ எடுத்துக்கொள்ளும் அலைவெண் 2.2 மெகாஹெர்ட்சோடு நின்றுவிடுகிறது, விடிஎஸ்எல்லின் அடுத்த தலைமுறையான விடிஎஸ்எல்2 35 வரை ஏறலாம். அலைவெண் கூடக் கூடச் செம்புக் கம்பியில் சமிக்ஞை சீக்கிரம் தேய்ந்துபோகும், அதனால் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டினால் ஏடிஎஸ்எல்லைவிடப் பெரிய லாபமில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே தொழிலாளர் லயத்தில் இருக்கிற வீட்டுக்கு (அதுவும் கம்பி ரோட்டோரமாகச் சுற்றித்தான் வரும்) இந்த இரண்டில் மெதுவாகவாவது வந்து சேர்வது ஏடிஎஸ்எல்தான். வாங்குகிறவருக்குப் பெயரிலேயே தெரிய வேண்டியது தூரம். என் பரிந்துரை: 'குறுந்தடம்'.

ஒளியிழை (ஃபைபர்) வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். கோலாலம்பூர் அடுக்குமாடிகள் பலவற்றில் ஒளியிழை கீழ்த்தளம் வரைதான் வந்தது, அங்கிருந்து மேலே பழைய தொலைபேசிக் கம்பியில் விடிஎஸ்எல்2. குறுந்தடம் என்ற பெயர் அங்கேயும் பொருந்துகிறதா இல்லையா?

டிஎஸ்எல்லுக்குப் பொதுப்பெயராக 'செம்புத் தடம்' வைக்கலாம். 'மின்னிலக்கத் தடம்' வேண்டாம், ஒளியிழையும் மின்னிலக்கம்தான்.

அப்புறம், குரலையும் தரவையும் பிரிக்கிற அந்தச் சின்னப் பெட்டி, ஸ்பிளிட்டர், அதை வெறும் 'பிரிப்பான்' என்று விட்டுவிடலாமா, இல்லை 'குரல்' சேர்க்க வேண்டுமா?