வெள்ளை ஸ்ப்ரே பெயிண்ட் மட்டும் துப்புகிறது, வால்வில் அடைப்பா?

சுவரில் ஒரு முகம் முக்கால்வாசி முடிந்து நிற்கிறது. கண்ணில் ஒளிப்புள்ளி வைக்க வெள்ளையை எடுத்தால் இரண்டு விநாடி சீராகப் பாய்கிறது, பிறகு துப்புகிறது. கடுகளவு துளிகள் கருவிழிமேல் வழிந்து, இரண்டு நாள் உழைப்பைக் கெடுத்துவிட்டன.

கிராஃபிட்டி எனப்படும் சுவர் ஓவியத்துக்கென்றே பெயிண்ட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் 400 மில்லி டப்பா, குறைந்த அழுத்த வகை, மேட் வெள்ளை. மூன்று வாரத்துக்கு முன் ஆறு வாங்கினேன். நான்கில் இதே கோளாறு. அவர்களுடைய கறுப்பும் நீலமும் அருமையாக வருகின்றன. சிமெண்ட் பூசிய வெளிச்சுவர், நிழல், காற்று இல்லை.

டப்பாவுக்குள் பெயிண்டைக் கலக்கும் சிறு குண்டு உருளத் தொடங்கிய பிறகும் மூன்று நிமிடம் குலுக்கினேன். கவிழ்த்து, வாயு மட்டும் வரும்வரை அழுத்தினேன். வெதுவெதுப்பான நீரில் வைத்தேன் (கொதிநீரில் யாரும் வைத்துவிடாதீர்கள், டப்பா வெடிக்கும்). பெயிண்ட் பீய்ச்சும் மூக்கை (நாசில்) மாற்றினேன், கறுப்பில் ஒழுங்காக வேலை செய்யும் அதே மூக்கு வெள்ளையில் துப்புகிறது. ஆகவே அடைப்பு உள்ளேதான் என்று நினைக்கிறேன். வெள்ளையிலுள்ள நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, அடியில் படியக்கூடியது.

வால்வுக்குள் இறுகிய நிறமியை, டப்பாவைத் துளைக்காமல் வெளியேற்ற வழி உண்டா?