சீனிக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர்: நம்முடைய ஜிபி எங்கே?

ஒற்றைப்பனை:
அப்பாவுக்கு வயது 74. இலண்டனில் ஒரே சர்ஜரியில், அதாவது பொது மருத்துவர் நிலையத்தில், 19 ஆண்டுகளாகப் பதிந்திருக்கிறோம். கடந்த 14 மாதங்களில் அவரை அங்கே யார் யார் பார்த்தார்கள் என்று நேற்றிரவு உட்கார்ந்து எண்ணினேன். இரத்தம் எடுத்தவர் ஒருவர். நீரிழிவு கிளினிக்கில் காலைத் தொட்டுப் பார்த்த தாதி இன்னொருவர். பிரஷர் அளந்தவர் வேறொருவர். மாத்திரைகளைப் பற்றித் தொலைபேசியில் பேசியவர் மருந்தாளுநர். முழங்கால் வலிக்கு இயன்முறை மருத்துவர். ஐந்து பேர் ஆயிற்று. அந்தக் கணக்கில் ஜிபி என்ற பொது மருத்துவர் ஒருமுறைகூட வரவில்லை.

இதற்கிடையில் மனிதர் ஓராண்டாகச் சோர்ந்து கிடந்தார். பாதம் மரத்துப்போகிறது என்றார். நீரிழிவு கிளினிக்கில் சொன்னோம். சீனி வருத்தம் நாட்பட்டால் அப்படித்தான் என்றார்கள். இயன்முறை மருத்துவர் தொடைத் தசை பலவீனம் என்றார். பிரஷர் பார்த்தவர் வயதைக் காரணம் காட்டினார். ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சொன்னதில் தவறு என்று ஒன்றும் இல்லை. கடைசியில் இரத்தத்தைச் சோதித்தால் பி12 வைட்டமின் அடிமட்டத்தில் கிடக்கிறது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுப்பவருக்கு அது குறையக்கூடும் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குப் புதிய செய்தியா?

முன்பிருந்த பழைய டாக்டர் என்றால், அப்பா கதவைத் திறந்து நாற்காலிவரை நடக்கும் நடையைப் பார்த்தே கேட்டிருப்பார். ஆளைக் கூறு போட்டு ஆளுக்கொரு துண்டைப் பார்ப்பதற்கு வைத்தியம் என்று பெயரா?

வெண்சங்கு:
அண்ணா, நான் ஒரு சர்ஜரியில் 16 ஆண்டுகளாகத் தாதி. நீரிழிவு கிளினிக்தான் என் வேலையில் பாதி. அப்பாவின் நிலை வருத்தம் தருகிறது. ஆனால் 'காலைத் தொட்டுப் பார்த்த தாதி' என்று ஒரு வரியில் நீங்கள் தள்ளிவிட்ட வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால், கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் இடம் இடமாகத் தொடுவோம். எங்கே உணர்ச்சி போய்விட்டது என்பது அப்போது தெரியும். பிறகு கால் நாடித் துடிப்பு, தோல், விரலிடுக்கு. இது கால் பரிசோதனை மட்டும். ஓராண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை மொத்தம் எட்டு: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, குருதி அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகத்துக்கு இரத்தத்தில் ஒன்று, சிறுநீரில் ஒன்று, எடை, பாதம், புகைப்பழக்கம். கண் விழித்திரைப் படம் ஒன்பதாவது. அது தனியாக வேறிடத்தில் நடக்கிறது. ஜிபியுடன் ஒரு சந்திப்புக்கு வழக்கமாகக் கிடைப்பது பத்து நிமிடம். வயதானவர் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் காலுறையைக் கழற்றவே அதில் நாலு நிமிடம் போய்விடும்.

உங்கள் பழைய டாக்டர் நடையைப் பார்த்திருப்பார் என்கிறீர்கள். அப்பாவின் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி எத்தனை முறை பார்த்தார்?

மூன்றாம்பிறை:
அக்கா, எட்டும் ஒன்பதும் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லுங்கள். 2004இல் வந்த ஒப்பந்தத்தோடு சர்ஜரிகளுக்குப் புள்ளி முறை வந்தது. இத்தனை பேருக்குப் பிரஷர் அளந்தால் இத்தனை புள்ளி, புள்ளிக்குப் பணம். அதன் பிறகு கணினி கேட்கும் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். 'புகைக்கிறீர்களா?' என்று வாழ்நாளில் பீடியைத் தொடாத என் தாயிடம் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். 'தூங்குகிறீர்களா, தனியாக இருக்கிறீர்களா?' என்று கேட்க அந்தத் திரையில் கட்டம் இல்லை.

வெண்சங்கு:
புள்ளி முறை உண்மை. அதன் சலிப்பும் உண்மை. நானும் அதே கேள்வியை நாளுக்கு இருபது முறை கேட்டு அலுத்தவள்தான். ஆனால் புள்ளி வருவதற்கு முன்பு எத்தனையோ சர்ஜரிகளில், வந்தவருக்கு மட்டுமே வைத்தியம் நடந்தது. வராதவரைப் பட்டியல் பார்த்துக் கடிதம் போட்டுக் கூப்பிடும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கவில்லை. இன்று ஒருவர் இரண்டு ஆண்டுகளாக வரவில்லை என்றால் என் திரையில் அவர் பெயர் தெரிகிறது. தனியாக இருக்கிறீர்களா என்று நான் கேட்பதும் உண்டு. கட்டம் இல்லாவிட்டால் வாய் இல்லையா?

கோடைமழை:
இடையில் ஒரு சின்னக் கதை. நான் 2018இல் மதுரையிலிருந்து இங்கு வந்தேன். முதல் மாதம் அம்மாவிடம் தொலைபேசியில் "நாளைக்கு சர்ஜரிக்குப் போகிறேன்" என்றேன். அம்மா அழத் தொடங்கிவிட்டார். மகளுக்கு என்ன அறுவை என்று உறவினர் அனைவருக்கும் செய்தி போய்விட்டது. சளிக்குப் போகிற இடத்துக்கு இப்படி ஒரு பெயரை வைத்த வெள்ளைக்காரரை என்ன சொல்வது!

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் வெண்சங்கு அக்கா பக்கம். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு 25 வயது முதல் 64 வரை அழைப்புக் கடிதம் வருகிறது. ஆண் டாக்டர்தான் பார்ப்பார் என்ற பயத்தில் முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பெரும்பாலும் பெண் செவிலியர்தான் எடுக்கிறார், வேண்டுமென்று கேட்டும் பெறலாம் என்று பிறகுதான் தெரிந்தது. போனேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எல்லாவற்றுக்கும் டாக்டரே வேண்டும் என்று சொல்பவர்கள் ஆண்களாகவே இருப்பதை இந்த இழையில் கவனித்தேன்.

இன்னொன்று. பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு வயது மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறார். மாதவிடாய்ப் பிரச்சினையைப் பையன் எப்படிச் சொல்வான்? 'கொஞ்சம் வயிற்று வலி' என்று சொல்லி முடித்துவிட்டான். தமிழ் மொழிபெயர்ப்பாளரை சர்ஜரி இலவசமாக ஏற்பாடு செய்யும். நேரம் எடுக்கும்போதே கேட்க வேண்டும். அதைக் கேட்பதில் நமக்கு ஏன் இத்தனை கூச்சம்?

குன்றுமணி:
நான் பொதுவாக இங்கே வாசிப்பதோடு சரி. இன்று எழுதுகிறேன்.

எனக்கும் அந்தக் கால் பரிசோதனைக் கடிதம் வந்தது, மூன்று ஆண்டு தொடர்ந்து. 'நர்ஸ் என்ன பார்க்கப்போகிறாள், டாக்டரைப் பார்க்கும்போது காட்டிக்கொள்ளலாம்' என்று மேசை இழுப்பறையில் போட்டேன். டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுத்தால் வரிசையில் இருபதாவது ஆள். எட்டேகாலுக்கு நேரங்கள் முடிந்துவிடும். சரி, அடுத்த வாரம். இப்படியே போனது. கட்டைவிரலுக்குக் கீழே சப்பாத்து கடித்த புண். வலித்திருந்தால் ஓடியிருப்பேன், வலிக்கவில்லை. வலிக்காததுதான் நோய் என்று எனக்கு அப்போது தெரியாது. இடது காலில் இப்போது மூன்று விரல்கள்.

ஒற்றைப்பனை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை வாசித்துவிட்டு யாராவது ஒருவர் கடிதத்தை இழுப்பறையில் போட்டால் அது பாவம்.

ஒற்றைப்பனை:
குன்றுமணி அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். கிளினிக்குக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அப்பா ஒன்றையும் தவறவிட்டதில்லை.

என் வழக்கு வேறு. நோர்வேயில் 45 இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே பொது மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டுக்குள் மாறியவர்களைவிட மருத்துவமனை அனுமதியும் மரணமும் ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. ஆளைத் தெரிந்து வைத்திருப்பதற்கு அத்தனை மதிப்பு இருக்கிறது. இங்கே 2015 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் பொறுப்பான ஜிபி ஒருவரின் பெயர் பதிவில் இருக்க வேண்டும். அப்பாவுக்கும் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் உயரமா குட்டையா என்று எங்களுக்குத் தெரியாது.

வேல்ஸில் க்ளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் ட்யூடர் ஹார்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். தேவை அதிகமாக உள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் லான்செட் இதழில் எழுதியவர். ஊரில் அத்தனை பேரையும் அவருக்குத் தெரியும். அப்படி ஒருவரைத்தான் கேட்கிறேன்.

வெண்சங்கு:
அந்த ட்யூடர் ஹார்ட் எதற்குப் பேர்பெற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தலைவலி, மயக்கம் என்று யாரும் வரும்வரை காத்திருக்காமல், தன் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் குருதி அழுத்தம் அளந்தவர். வராதவர்களைத் தேடிப் பிடித்தவர். இன்று 40 முதல் 74 வயதுவரை, ஏற்கெனவே நோய் இல்லாதவர்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உடல்நலச் சோதனைக்கு அழைக்கிறோமே, அதுவும் அதே எண்ணம்தான். நீங்கள் உங்கள் சாட்சியாக அழைத்தவர் என் பக்கம் சாட்சி சொல்கிறார் அண்ணா.

அந்தச் சோதனைக் கடிதத்தை நம் ஆட்கள் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று போட்டுவிடுகிறார்கள். தெற்காசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 என்றாலே நீரிழிவு அபாயம் தொடங்கிவிடுகிறது. வெள்ளையருக்கு அது 25. கண்ணாடியில் ஒல்லியாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

மூன்றாம்பிறை:
சாட்சி இரண்டு பக்கமும் பேசுகிறார் என்றால் வழக்கு தள்ளுபடி!

ஆனாலும் நோர்வே ஆய்வுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஒற்றைப்பனை பக்கம் நிற்பவன், இருந்தாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டு இருக்க முடிந்தவர்கள் வீடு மாறாதவர்கள், வேலை நிலைத்தவர்கள். அவர்கள் எப்படியும் கொஞ்சம் நலமாகத்தான் இருப்பார்கள். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கொண்டிருப்பார்கள், ஆனால் எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது.

நடைவண்டி:
ஒற்றைப்பனை அண்ணாவிடம் ஒரே ஒரு கேள்வி. முதல் பதிவில் 'கடைசியில் இரத்தத்தைச் சோதித்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். சோதிக்கச் சொன்னது யார்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் மருந்தாளுநர். கடையில் இருந்தவன், இப்போது இரண்டு சர்ஜரிகளில் வேலை. 2019க்குப் பிறகு இந்தப் பணிகளுக்கு அரசு தனியாகப் பணம் ஒதுக்கியதால்தான் நாங்களும் இயன்முறை மருத்துவர்களும் இத்தனை பேர் உள்ளே வந்தோம். மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 குறைவது அரிதல்ல, அறிகுறி இருந்தால் சோதியுங்கள் என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. அதை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாங்கள்.

ஒற்றைப்பனை:
எதிர்பார்த்த கேள்விதான். மறைக்க எண்ணவில்லை, எழுதும்போது கை நழுவிப் போய்விட்டது. சோதிக்கச் சொன்னவர் மருந்தாளுநர். தொலைபேசியில்.

கோடைமழை:
அடடா.

ஒற்றைப்பனை:
சிரியுங்கள், சிரித்த பிறகு மிச்சத்தையும் கேளுங்கள். அந்தப் பெண் அப்பாவோடு இருபத்தைந்து நிமிடம் பேசினார். நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். மாத்திரைப் பட்டியலை முடித்துவிட்டு, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா போன பிறகு அப்பா, பி12 தரும் மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மூன்று ஆண்டுகளாக மரக்கறிதான். அது எனக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சர்ஜரியில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மரக்கறி, மெட்ஃபார்மின், மரத்துப்போகும் கால். மூன்றும் ஒரே வாயிலிருந்து ஒரே காதுக்குப் போன அன்றுதான் விடை கிடைத்தது.

டாக்டர் என்ற பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் வாதாடியது பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாராவது ஒருவர் முழு ஆளையும் கேட்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணும் அடுத்த முறை இருப்பார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

வெண்சங்கு:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் கேட்டிருப்பேனா என்று இரவு முழுவதும் யோசித்தேன். மரத்த காலைக் கண்டால் நீரிழிவு என்று கை தானாக எழுதும். பழக்கம். இன்று காலை முதல் ஆளிடம் கேட்டேன், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

குன்றுமணி:
மருந்தாளுநர் இருப்பதால் ஒரு சந்தேகம். நான் 52 வயது. மருந்துச்சீட்டில் உள்ள மருந்து ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு கட்டுகிறேன். இது சரியா?

நடைவண்டி:
நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்கள் என்றால் இங்கிலாந்தில் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. சர்ஜரியில் மருத்துவ விலக்குச் சான்றிதழுக்கான படிவம் கேளுங்கள். ஐந்து ஆண்டு செல்லும்; நீரிழிவு மருந்துக்கு மட்டுமல்ல, எல்லா மருந்துக்கும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் யாருக்குமே கட்டணம் இல்லை. உணவுக் கட்டுப்பாடு மட்டும் என்றால் இந்தச் சான்றிதழ் கிடைக்காது.

குன்றுமணி:
நாலு ஆண்டாகக் கட்டுகிறேன்.

மூன்றாம்பிறை:
பார்த்தீர்களா? இதற்கும் திரையில் கட்டம் இல்லை.

ஒற்றைப்பனை:
கடைசியாக ஒரு செய்தி. இன்று சர்ஜரிக்குப் போய், அப்பாவின் பெயருக்கு நேரே இருக்கும் ஜிபியையே பார்க்க வேண்டும், இரட்டை நேரம் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டேன். மொழிபெயர்ப்பாளரை நான் கேட்டதற்குக் காரணம், நான் இல்லாத அறையில் அப்பா வேறு ஏதாவது சொல்லக்கூடும் என்று தோன்றியது. வரவேற்பில் இருந்தவர் முகத்தைச் சுளிப்பார் என்று தயாராகப் போனேன். "மூன்று வாரம் ஆகும், பரவாயில்லையா?" என்றார். அவ்வளவுதான். 19 ஆண்டுகளில் நான் இதைக் கேட்டதே இல்லை.

வெண்சங்கு:
நல்லது. அன்றைக்கு அப்பாவை நாடா இல்லாத சப்பாத்துப் போட்டுவரச் சொல்லுங்கள்.